மணலைத் தேய்க்கும் மணல்

பித்தளைக் குடத்தை எப்படி விளக்குவீர்கள்? முதலில் புளியைத் தடவுவீர்கள். பிறகு செங்கல் தூளோ சாம்பலோ போட்டுத் தேய்ப்பீர்கள். கழுவினால் குடம் பளபளக்கும்.

இதில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. புளியில் அமிலம் இருக்கிறது. அது குடத்தில் படிந்த களிம்பை இளக்குகிறது. இளகிய களிம்பைத் தூள் தேய்த்து எடுக்கிறது. புளி மட்டும் போட்டால் களிம்பு முழுதாகப் போகாது. தூள் மட்டும் போட்டால் கை வலிக்கும். குடத்திலும் கீறல் விழும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை சுலபம்.

செல்பேசிக்குள் சில்லு இருக்கிறது. சிப் என்றும் சொல்வார்கள். ரேஷன் கடையில் நாம் விரல் வைக்கும் கருவியிலும் அது உண்டு. பேருந்தில் நடத்துநர் வைத்திருக்கும் பயணச்சீட்டுக் கருவியிலும் உண்டு. கணக்குப் போடுவதும் நினைவில் வைப்பதும் சில்லின் வேலை. விரல் நகத்தைவிடச் சிறிய சில்லுகளும் இருக்கின்றன.

சில்லைச் செய்யும்போதும் குடம் விளக்குவது போன்ற வேலை நடக்கிறது. இளக்க ஒரு நீர். தேய்க்க ஒரு தூள். இரண்டும் கலந்தால் பால் போன்ற ஒரு திரவம் கிடைக்கும். ஆலைகளில் அதை ஸ்லரி என்கிறார்கள். நாம் மெருகு நீர் என்று வைத்துக்கொள்வோம்.

மெருகு நீரும் மெருகுத் தூளும் செய்து விற்பதற்கென்றே சில நிறுவனங்கள் உலகில் இருக்கின்றன. அவற்றின் பெயர் நமக்குத் தெரியாது. செல்பேசியின் மேல் அந்தப் பெயர் இருக்காது. விளம்பரத்திலும் வராது. அப்படி ஒரு நிறுவனம் ஜப்பான் நாட்டில் இருக்கிறது. அதன் பெயர் ஃபுஜிமி.

நமக்கு எதற்கு இந்தக் கதை என்று நினைக்கலாம். 2021ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். உலகம் முழுவதும் சில்லுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஹரியானாவிலும் குஜராத்திலும் மாருதி கார் செய்யும் ஆலைகள் இருக்கின்றன. அந்த ஆண்டு செப்டம்பரில் வழக்கத்தில் 40 சதவீதம் அளவுக்குத்தான் அங்கே உற்பத்தி நடக்கும் என்று நிறுவனமே அறிவித்தது. இரும்பு இருந்தது. டயர் இருந்தது. வேலை செய்ய ஆட்களும் இருந்தார்கள். சில்லு போதவில்லை. ஆலை ஓடாத நாளில் தினக்கூலிக்காரருக்கு என்ன கிடைக்கும்?

அந்தத் தட்டுப்பாடு மெருகு நீர் இல்லாததால் வந்தது அல்ல. ஆனால் மெருகு நீர் இல்லாமல் இன்றைய சில்லைச் செய்ய முடியாது. இவ்வளவு பெரிய தொழில் எவ்வளவு சிறிய பொருளை நம்பி நிற்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

குருந்தக்கல்

சாணை பிடிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். சக்கரம் சுற்றும். கத்தியை வைத்தால் தீப்பொறி பறக்கும். பழைய காலத்தில் சாணைக்கல்லை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? குருந்தக்கல்லை இடித்துத் தூளாக்கினார்கள். அந்தத் தூளை அரக்கோடு சேர்த்துச் சக்கரமாக வார்த்தார்கள்.

குருந்தம் மிகவும் கடினமான கல். வைரம் அதைவிடக் கடினம். நகைக்கடையில் விற்கும் மாணிக்கமும் நீலக்கல்லும் குருந்த வகைதான். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கம் குருந்தக்கல் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் இதைக் கொரண்டம் என்கிறார்கள். அந்தப் பெயரே நம் குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனதுதான்.

குருந்தத்தைப் பூமியிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பதில்லை. மின்சார உலையில் செயற்கையாகவும் செய்யலாம். அதைப் போல இன்னொரு கடினமான பொருளும் உண்டு. அதன் பெயர் சிலிக்கான் கார்பைடு. மணலையும் கரியையும் கலந்து மின்சார உலையில் சுட்டால் அது கிடைக்கும். அமெரிக்காவில் ஆச்சிசன் என்பவர் 1891ஆம் ஆண்டில் அதைச் செய்தார்.

இரண்டாம் உலகப் போர் 1945ஆம் ஆண்டு முடிந்தது. ஜப்பான் தோற்றது. அதன் நகரங்கள் குண்டு விழுந்து எரிந்து கிடந்தன. பிறகு மெல்ல மெல்லத் தொழில்கள் எழுந்தன. அப்போது 1950ஆம் ஆண்டில் நகோயா நகரப் பகுதியில் ஃபுஜிமி தொடங்கியது. செயற்கைக் கல்லை நுண்ணிய தூளாக்கி விற்பதுதான் அதன் தொழில். கேமராவுக்கும் தொலைநோக்கிக்கும் கண்ணாடி வில்லை தேய்க்க இப்படிப்பட்ட தூள் வேண்டும். ஜப்பானில் அந்தத் தொழில்கள் அப்போது வளர்ந்துகொண்டிருந்தன.

இன்றும் ஃபுஜிமியின் தலைமையகம் நகோயாவுக்கு அருகில் கியோசு என்ற ஊரில்தான் இருக்கிறது. வேலை செய்பவர்கள் ஆயிரம் பேர் அளவில் இருப்பார்கள். ஒரு பெரிய நூற்பாலையில்கூட அவ்வளவு பேர் உண்டு. தைவானில் சில்லு செய்யும் டி.எஸ்.எம்.சி. நிறுவனத்திலோ 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்கிறார்கள்.

தூளைப் பிரிப்பது எப்படி?

கல்லை அரைப்பது பெரிய காரியம் அல்ல. இயந்திரம் அரைத்துவிடும். அரைத்த தூளை அளவு பார்த்துப் பிரிப்பதுதான் பெரிய காரியம். அரிசி மாவைச் சல்லடையில் சலிக்கிறோம். கண்ணுக்கே தெரியாத தூளை எந்தச் சல்லடையில் சலிப்பது?

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கை மண்ணைப் போட்டுக் கலக்குங்கள். பிறகு அசைக்காமல் விடுங்கள். கல் உடனே அடிக்குப் போகும். அடுத்து மணல் இறங்கும். வண்டல் இறங்கச் சற்று நேரம் ஆகும். தண்ணீர் அப்போதும் கலங்கலாகவே இருக்கும். அந்தக் கலங்கலில் நிற்பதுதான் மிகவும் நுண்ணிய துகள். கலங்கலை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றி வைத்தால் அதுவும் மெல்லப் படியும்.

பெரிய துகள் வேகமாக இறங்கும். சிறிய துகள் மெதுவாக இறங்கும். அவ்வளவுதான் விஷயம். நேரத்தைப் பார்த்து ஊற்றி எடுத்தால் அளவு அளவாகப் பிரிந்துவிடும். தூள் செய்யும் தொழிலில் தண்ணீரும் பொறுமையும்தான் சல்லடை. இன்றைக்கு இயந்திரங்கள் வந்துவிட்டன. துகளைச் சுழற்றிப் பிரிக்கிறார்கள். மிக நுண்ணிய வடிகட்டிகளில் வடிகட்டுகிறார்கள். ஆனாலும் அடிப்படை மாறவில்லை. பிரிப்பது, வடிகட்டுவது, அழுக்கு நீக்குவது ஆகிய மூன்றும்தான் ஃபுஜிமியின் தொழில் அறிவு.

துகள் எவ்வளவு சிறியது? அளவுகோலில் ஒரு மில்லிமீட்டரைப் பாருங்கள். அதை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். நம் தலைமுடியின் பருமன் சுமார் 80 மைக்ரான் இருக்கும். மைக்ரானை மறுபடியும் ஆயிரம் பங்காக்க வேண்டும். அதில் ஒரு பங்கு நானோமீட்டர். கடைசி மெருகுக்குப் பயன்படும் துகள் சில பத்து நானோமீட்டர்தான்.

எண்ணைச் சொன்னால் மனதில் நிற்காது. இப்படி நினைத்துப் பாருங்கள். 50 நானோமீட்டர் துகளைக் கடுகு அளவுக்குப் பெரிதாக்குவோம். தலைமுடியையும் அதே மடங்கு பெரிதாக்குவோம். அப்போது அந்த முடி 3 மீட்டர் பருமன் உள்ள தூணாக நிற்கும். தூணின் பக்கத்தில் கிடக்கும் கடுகுதான் நாம் பேசும் துகள்.

முகம் பார்க்கும் தகடு

இப்போது சில்லுக்கு வருவோம். சில்லு மணலிலிருந்து வருகிறது. வெள்ளைக் கல் மணலில் சிலிக்கான் என்ற பொருள் இருக்கிறது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்து, உருக்கி, உருண்டையான தூண் போல வளர்க்கிறார்கள். பிறகு வாழைக்காய் சீவுவது போலத் தூணை மெல்லிய வட்டங்களாக அறுக்கிறார்கள். பெரிய வட்டத்தின் குறுக்களவு 300 மில்லிமீட்டர். சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். கனம் முக்கால் மில்லிமீட்டர்தான்.

அறுப்பதற்கு மெல்லிய கம்பியைப் பயன்படுத்துகிறார்கள். கம்பி தனியாக அறுக்காது. சிலிக்கான் கார்பைடு தூள் கலந்த குழம்பை அதன் மேல் ஊற்றுவார்கள். கம்பியோடு ஓடும் தூள்தான் அறுக்கும். வைரத்தூள் பதித்த கம்பியும் இப்போது இருக்கிறது.

அறுத்த தகடு கரடுமுரடாக இருக்கும். அடுத்து அதைக் குருந்தத் தூளால் தேய்த்துச் சமன் செய்கிறார்கள். அம்மி கொத்திய பிறகு முதலில் உமி போட்டு அரைத்துச் சமன் செய்வோமே, அது மாதிரி. இதற்குப் பிறகும் தகடு மங்கலாகத்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் உள்ளே ஓடியிருக்கும்.

கடினமான தூளால் தேய்த்தால் கீறல் வரும். மென்மையான தூளால் தேய்த்தால் தேயாது. இந்தச் சிக்கலுக்கு 1960களில் ஒரு வழி கிடைத்தது. அமெரிக்காவின் மான்சான்டோ நிறுவனம் 1965ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றது. மணலின் பொருளையே மிக நுண்ணிய உருண்டைகளாக்கி நீரில் மிதக்கவிட்டார்கள். அந்த நீரில் சலவைச் சோடா போன்ற காரப் பொருளைச் சேர்த்தார்கள். காரம் சிலிக்கான் தகட்டின் மேல்தோலை இளக்கும். உருண்டை அதைத் துடைத்து எடுக்கும். நம் புளியும் சாம்பலும்தான்! புளிக்குப் பதில் காரம். சாம்பலுக்குப் பதில் மணல்.

மெத்தென்ற திண்டில் மெருகு நீரை ஊற்றி, அதன் மேல் தகட்டைச் சுழற்றுவார்கள். முடிவில் தகடு முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும். மணலால் செய்த தகட்டை மணலே தேய்க்கிறது.

அழுக்கைக் கொண்டுவராதே!

எங்கள் மையத்தில் இதைப் பற்றிப் பேசியபோது ஓர் அக்கா கேட்டார். "ஒரு தடவை தேய்ச்சா முடிஞ்சுதே தம்பி. அதுக்கு எதுக்கு இத்தனை கம்பெனி?" நல்ல கேள்வி.

ஒரு தடவையோடு முடிவதில்லை. தகட்டின் மேல்தான் சில்லைக் கட்டுகிறார்கள். மாடி மேல் மாடி கட்டுவது போல அடுக்கு அடுக்காகக் கட்டுவார்கள். ஒவ்வோர் அடுக்கிலும் கோடுகளை ஒளியால் வரைகிறார்கள். புகைப்படம் எடுப்பது போன்ற வேலை இது. தளம் மேடும் பள்ளமுமாக இருந்தால் படம் தெளிவாக விழாது. கீழ் அடுக்கின் மேடு மேல் அடுக்கிலும் மேடாகும். அடுக்கு கூடக் கூடக் கோணலும் கூடும்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஒரு யோசனை வந்தது. வெறும் தகட்டைத் தேய்ப்பது போல, பாதி கட்டிய சில்லையும் தேய்த்துச் சமன் செய்தால் என்ன? சில்லு செய்யும் அறையில் ஒரு தூசி விழக் கூடாது. தலை முதல் கால் வரை மூடிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குள் வாளி வாளியாகத் தூள் கலந்த நீரைக் கொண்டுவருவதா? இது பலருக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனால் செய்து பார்த்தார்கள். தளம் சமமாக வந்தது.

1997ஆம் ஆண்டில் அதே நிறுவனம் செம்புக் கம்பி ஓடும் சில்லை அறிவித்தது. அதுவரை அலுமினியம்தான் இருந்தது. செம்பில் மின்சாரம் இன்னும் சுலபமாக ஓடும். ஆனால் செம்பை நுண்ணிய கோடுகளாக வெட்டி எடுக்க முடியவில்லை. எனவே முறையைத் திருப்பிப் போட்டார்கள். முதலில் பள்ளம் தோண்டினார்கள். மேலே செம்பை நிரப்பினார்கள். வெளியே வழிந்து நிற்கும் செம்பைத் தேய்த்து எடுத்தார்கள். பள்ளத்தில் இருக்கும் செம்பு மட்டும் கோடாக நின்றது.

இந்த முறை நமக்குப் புதியதல்ல. கர்நாடகத்தில் பீதர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே செய்யும் கறுப்புப் பாத்திரங்களில் வெள்ளிப் பூ வேலை இருக்கும். உலோகத்தில் கோடு செதுக்கி, வெள்ளிக் கம்பியை அடித்து இறக்கி, மேலே தேய்த்துச் சமன் செய்வார்கள். சிரியா நாட்டின் டமாஸ்கஸ் நகரமும் இந்த வேலைக்குப் பேர் போனது. சில்லில் செம்பு பதிக்கும் முறைக்கு அந்த ஊர்ப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

புதிய வகைச் சில்லுகளில் 20 தடவைக்கு மேலும் இப்படித் தேய்க்க வேண்டியிருக்கிறது. செம்புக்கு ஒரு மெருகு நீர். கண்ணாடி போன்ற அடுக்குக்கு வேறு ஒன்று. மற்ற உலோகத்துக்கு இன்னொன்று. அக்கா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

ஒரே ஒரு பெரிய துகள்

சோற்றில் ஒரு கல் இருந்தால் போதும். பல்லில் பட்டதும் அந்த வாய்ச் சோறு முழுதும் கெட்டது போலத்தான். மெருகு நீரும் அப்படியே. கோடிக்கணக்கான துகள்களில் ஒன்று பெரியதாக இருந்தால் அது தகட்டில் கீறிக்கொண்டே போகும். ஒரு பெரிய தகட்டில் நூற்றுக்கணக்கான சில்லுகள் இருக்கும். கீறல் போன வழியில் இருந்த சில்லுகள் குப்பைக்குப் போக வேண்டியதுதான். பல வாரம் பாடுபட்டுச் செய்த பொருள் அது.

துகள் முதலில் சிறியதாக இருந்தாலும் போதாது. கடைசிவரை சிறியதாகவே இருக்க வேண்டும். பால் திரிவதைப் பார்த்திருக்கிறோம். மெருகு நீரும் திரியும். நுண்ணிய துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். குளிரில் உறைந்தால் கெட்டுவிடும். மறுபடி உருக்கினாலும் பழைய நிலைக்கு வராது. மாதக்கணக்கில் வைத்திருக்கவும் கூடாது. அதற்கும் கெடு தேதி உண்டு.

மேலும் அதில் பெரும்பங்கு தண்ணீர். கப்பலில் தண்ணீரை ஏற்றிக்கொண்டு நாடு நாடாகப் போவது வீண் செலவு. அதனால் இந்த நிறுவனங்கள் சில்லு ஆலைகளுக்குப் பக்கத்தில் கிளை திறக்கின்றன. ஃபுஜிமிக்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலும் மலேசியாவிலும் தைவானிலும் கிளைகள் உண்டு.

சில்லு ஆலை தன் மெருகு நீரைச் சுலபமாக மாற்றாது. புதிதாக ஒன்று வந்தால் மாதக்கணக்கில் சோதிக்கும். சரி என்று பட்ட பிறகு அதே பொருள் அதே தரத்தில் வந்துகொண்டே இருக்க வேண்டும். விலை கொஞ்சம் குறைவு என்று யாரும் வேறு கடைக்கு ஓடுவதில்லை. சிறிய நிறுவனம் பெரிய நிறுவனங்களின் நடுவே நிலைத்து நிற்பதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

தூசியும் நுரையீரலும்

குஜராத் மாநிலத்தில் காம்பே வளைகுடா இருக்கிறது. கம்பாத் வளைகுடா என்றும் சொல்வார்கள். அதன் கரையில் தொலேரா என்ற இடத்தில் டாட்டா நிறுவனத்தின் சில்லு ஆலைக்கு 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் அடிக்கல் நாட்டினார்கள். ஆலைக்குள் சில்லு செய்யும்போது மெருகு நீர் கட்டாயம் வேண்டும்.

அதே வளைகுடாவின் தலைமாட்டில் கம்பாத் நகரம் இருக்கிறது. அங்கேயும் மெருகுத் தொழில்தான். அகேட் என்ற வண்ணக்கல்லைத் தேய்த்து மணியாகவும் மாலையாகவும் ஆக்குகிறார்கள். மிகப் பழைய தொழில். அந்தக் கல்லும் மணலும் ஒரே பொருள்தான்.

கம்பாத்தில் கல் தேய்ப்பவர்கள் பலருக்கு நுரையீரல் நோய் வந்திருக்கிறது. அகமதாபாத்தில் தொழில்சார் நோய்களை ஆராயும் தேசிய நிறுவனம் இருக்கிறது. அது இந்தத் தொழிலாளிகளை ஆராய்ந்திருக்கிறது. நோயின் பெயர் சிலிக்கோசிஸ். கல்லை உலர்ந்தபடி தேய்க்கும்போது தூசி பறக்கிறது. மூச்சோடு உள்ளே போகிறது. நுரையீரலில் தங்கி அதைத் தழும்பாக்குகிறது. முதலில் இருமல். பிறகு மூச்சுத் திணறல். காசநோயும் சுலபமாகத் தொற்றும். தழும்பான நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. கல் குவாரியிலும் கல் உடைக்கும் ஆலையிலும் வேலை செய்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

மெருகு நீரில் உள்ள மணல் உருண்டை வேறு விதம். கல்லில் இருப்பது படிகம். இது படிகம் அல்ல. படிகத் தூசிதான் மிகவும் கொடியது. அதோடு இது நீரில் கலந்து, மூடிய பீப்பாயில் வருகிறது. குழாய் வழியாகவே இயந்திரத்துக்குப் போகிறது. நீரில் இருக்கும் தூள் பறக்காது. தேய்க்கும் இடத்தில் தண்ணீர் சொட்டவிட்டால் கல்லின் தூசியும் வெகுவாக அடங்கும். தூசியை இழுக்கும் விசிறி வைத்தால் இன்னும் நல்லது. இதற்கு ஜப்பான் வரை போக வேண்டாம். கம்பாத்திலும் நம் ஊர்க் கல் பட்டறையிலும் செய்யக்கூடியதுதான். செய்வதற்குத்தான் முதலாளிகளுக்கு மனம் வர வேண்டும்.

மெருகு நீரிலும் கவனம் வேண்டும். காரம் இருப்பதால் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் தொடுகிறார்கள். பயன்படுத்திய நீரில் செம்பும் மற்ற பொருள்களும் கலந்திருக்கும். சுத்திகரிக்காமல் வெளியே விட்டால் ஆற்றுக்குக் கேடு. தரையில் சிந்தினால் உடனே கழுவிவிட வேண்டும். விட்டால் நீர் வற்றிவிடும். வெள்ளைத் தூள் மட்டும் தரையில் நிற்கும். துடைப்பத்தால் கூட்டினால் அதுவும் பறக்கும். அதனால் அதைக் காயவிடாமல் ஈரத்திலேயே துடைத்து எடுக்கிறார்கள்.